துருசு வரை போய் வருதல்: அல்சைமர் நோயுள்ள ஒரு வட்டவிதானையின் ஓராண்டு

கிளினிக்கிலிருந்து வந்த துண்டில் ஒரு வரிதான் எழுதியிருந்தது: "இரண்டு மாதத்தில் மூன்று தடவை விழுந்துள்ளார், நடையைப் பார்க்கவும்." அல்சைமர் என்ற சொல் அதற்குக் கீழே, சீனி வருத்தம், பிரஷர் என்பவற்றோடு சேர்ந்து கிடந்தது. நான் இயன்மருத்துவர். பாரிசவாதம், முறிவு, முழங்கால் தேய்வு என்று வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவள். மறதி நோய் உள்ள ஒருவருக்கு ஒரு வருடம் முழுக்கப் பயிற்சி கொடுத்து, நடந்ததைக் கிழமைக்குக் கிழமை எழுதிவைத்தது இதுவே முதல் தடவை. குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டிருக்கிறேன் அல்லது மாற்றியிருக்கிறேன்.

ஐயா

2023 மாசியில் நான் முதன்முதல் பார்த்தபோது ஐயாவுக்கு 72 வயது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற ஊர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. இருபது வருடத்துக்கு மேல் ஊரின் வட்டவிதானையாக இருந்தவர். வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எந்த வயலுக்கு எந்த நாளில் தண்ணீர், எந்த வாய்க்காலை யார் வெட்டித் துப்புரவாக்குவது, துருசு (வாய்க்கால் தண்ணீரைத் திறந்து அடைக்கும் கதவு) எப்போது திறப்பது என்று கமக்காரர் சார்பில் நின்று பார்ப்பவர்தான் வட்டவிதானை. விடிய நாலரைக்கு எழும்பி, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையால் நடந்தாரென்றால் வெயில் ஏறித்தான் வீடு திரும்புவார்.

நோயின் முதல் அறிகுறியும் அந்த வாய்க்காலில்தான் தெரிந்தது. ஒரு சிறுபோகத்தில் ஒரே வயலுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை தண்ணீர் விட்டிருக்கிறார். பக்கத்து வயல் வெடித்துக் கிடந்தது. கேட்கப் போனவர்களோடு சண்டை. கள்ளத்தனம் செய்கிறார் என்று ஊரில் பேச்சு எழுந்தது. அது ஞாபகப் பிசகு என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு சொந்த வயலின் வரம்பை மாற்றிச் சொன்னார், சந்தைக்குப் போய்ச் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தார், இறந்துபோன தமையனுக்குச் சோறு எடுத்துவைக்கச் சொன்னார்.

அப்போதுகூட வீட்டார் அதை நோய் என்று எடுக்கவில்லை. மூத்த மகன் 2009 க்குப் பிறகு திரும்பி வரவில்லை. "மகனை நினைச்சு நினைச்சு மனுசன் உடைஞ்சு போச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது அறியாமை என்று நான் நினைக்கவில்லை. ஆழ்ந்த மனச்சோர்வு முதியவரிடம் மறதி போலவே தோன்றும். உளநல மருத்துவரும் முதலில் அதைத்தான் சந்தேகித்து ஆறு மாதம் சிகிச்சை கொடுத்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது, மறதி கூடிக்கொண்டே போனது. தைரொயிட் சரியாக இருந்தது. விற்றமின் பி12 குறைவு. சீனிக்கு நெடுங்காலம் மெற்போமின் எடுப்பவர்களிடம் அது குறையக்கூடும். ஊசி போட்டுச் சரிசெய்தும் ஞாபகத்தில் மாற்றம் இல்லை. வலது தொடையில் போர்க்கால எறிகணைத் துண்டு ஒன்று இன்னும் கிடக்கிறது. உடம்புக்குள் இரும்பு இருப்பவரை எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் விடுவது ஆபத்தாகலாம் என்பதால் சி.ரி. ஸ்கான்தான் எடுத்தார்கள். வன்னியில் இந்தக் காரணத்தால் அந்த ஸ்கானை இழப்பவர் இவர் ஒருவர் அல்ல. பெரிய அடைப்போ கசிவோ இல்லை. ஞாபகத்தைப் பதிகிற ஹிப்போகம்பஸ் பகுதியைச் சுற்றிச் சுருக்கம் தெரிந்தது. எம்.எம்.எஸ்.இ. எனப்படும் 30 புள்ளி ஞாபகச் சோதனையில் 17. பள்ளிப் படிப்புக் குறைந்தவர்களுக்கு இந்தச் சோதனை கடினம். அதையும் கணக்கில் எடுத்த பின்னரே அல்சைமராக இருக்க வேண்டும் என்று முடிவாகி, அல்சைமருக்குக் கொடுக்கும் டொனபெசில் என்ற மருந்தைத் தொடங்கியிருந்தார்கள்.

கதிரையில் எட்டு மாதம்

நான் போனபோது ஐயா விறாந்தையில் கதிரையில் இருந்தார். படலை கம்பியால் கட்டியிருந்தது. ஒருமுறை பாதை தவறிப் பின்னேரம்வரை தேடவேண்டி வந்ததால், அதன்பின் எட்டு மாதமாக வெளியே விடவில்லை.

"மிஸ், அப்பாவுக்கு அறளை பேர்ந்திட்டுது. இனி நடக்க வைச்சு என்ன செய்யப் போறியள்? நடந்தா துலைஞ்சு போவார்" என்றார் மகள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணவர் மேசன் வேலைக்குக் கிழமைக் கணக்கில் வெளியூரில். இரண்டு பிள்ளைகள், ஒரு மாடு, தோட்டம், இரவில் நித்திரை கொள்ளாத தகப்பன்.

கைகளை ஊன்றாமல் ஐயாவால் எழும்ப முடியவில்லை. கதிரையிலிருந்து எழுந்து மூன்று மீற்றர் நடந்து திரும்பி வந்து அமர 24 செக்கன் எடுத்தது. 12 செக்கனுக்கு மேல் போனாலே விழும் அபாயத்தைக் கவனிக்கச் சொல்கிறது அந்தச் சோதனை. காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்தார். தொடைத் தசை கரைந்திருந்தது. பகலில் கதிரையிலேயே தூங்கிவிழுவார். பொழுது பட்டால் எழும்பி, "வீட்ட போறன்" என்று படலையை உலுப்புவார். அவர் சொல்லும் வீடு இடம்பெயர முன்னர் இருந்த வீடு. இப்போது அங்கே சுவரும் இல்லை. மகள் நாட்காட்டியில் இரவு எழும்பிய நாளுக்கெல்லாம் ஒரு புள்ளடி போடத் தொடங்கினார். முதல் 14 நாளில் 11 புள்ளடி.

அந்த நடையில் எவ்வளவு அல்சைமர், எவ்வளவு கதிரை என்று அன்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. ஆரம்பக் கட்ட அல்சைமர் பெரும்பாலும் ஞாபகத்தைத்தான் முதலில் தொடும். தொடைத் தசையை அது இத்தனை வேகமாகக் கரைக்காது. எட்டு மாதம் கதிரையில் இருந்தால் எனக்கும் தொடை கரையும். நான் கை வைக்கக்கூடிய இடம் அது என்று நினைத்தேன். அந்த நினைப்புச் சரி. தொடங்கிய விதம் பிழை.

பிழையாய்ப் போன ஒன்பது நாள்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கொடுக்கிற தாளைத்தான் கொடுத்தேன். பத்துத் தரம் எழும்பி இருத்தல், சுவரைப் பிடித்துக் குதிக்கால் உயர்த்துதல், இழுபட்டி. நாலாவது எண்ணிக்கையில் எதற்காக எண்ணுகிறோம் என்பதே அவருக்கு மறந்துவிடும். "ஏன் பிள்ளை என்னை எழும்பி எழும்பி இருக்கச் சொல்லுறாய்?" என்று கேட்பார். நான் விளக்குவேன். அடுத்த நிமிடம் அதே கேள்வி. இழுபட்டியைக் கொண்டுபோய்க் கதியாலில் கட்டிவிட்டார். ஒருநாள் கோபம் வந்து என் கையைத் தட்டிவிட்டார். ஒன்பது நாளில் இரண்டு நாள்தான் தாளில் உள்ளதை முடித்தோம்.

பத்தாம் நாள் கிணற்றடியில் யாரோ வாளித் தண்ணீரை ஊற்ற, அது முற்றத்தில் தேங்கிநின்றது. நானும் மகளும் கதைத்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் ஐயா கதிரையில் இல்லை. மாட்டுக்கொட்டிலில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து வந்து, தேங்கிய தண்ணீருக்குச் சின்ன வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். காலை அகட்டி, இடுப்பை வளைத்து, வெட்டிய மண்ணை ஒரு பக்கம் அணைத்து வரம்பாக்கி, பின்னால் ஓரடி எடுத்து வைத்து, மறுபடி வெட்டு. பத்து நிமிடம். என் தாளில் இருந்த அசைவெல்லாம் அதில் இருந்தது. எண்ணிக்கை மட்டும் இல்லை. தண்ணீர் ஓடி முருங்கையடிக்குப் போனதும் நிமிர்ந்து, "இப்ப சரி" என்றார்.

நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதைப் பதிகிற ஹிப்போகம்பஸை அல்சைமர் ஆரம்பத்திலேயே தாக்கிவிடுகிறது. கைப்பழக்கம், கால்ப்பழக்கம் வேறு இடங்களில் பதிந்திருக்கிறது: மூளையின் அடியில் உள்ள கருத்திரள்களிலும் சிறுமூளையிலும். நோய் அவற்றை நெடுநாள் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. பேத்தியின் பெயர் வராத ஐயாவுக்கு மண்வெட்டியை எந்தக் கோணத்தில் பிடிப்பதென்று தெரிந்தது அதனால்தான். படித்த காலத்தில் இதைப் பரீட்சைக்கு எழுதியவள் நான். ஒன்பது நாள் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

வாய்க்கால்

அடுத்த கிழமை தாளைக் கிழித்துவிட்டு மகளோடு இருந்து வேறு திட்டம் போட்டோம். காலை ஆறு மணிக்கு, வெயில் ஏற முன்னர், வாய்க்கால் கரையால் கிளைத் துருசு வரை நடந்து வருவது. கிழமைக்கு ஐந்து நாள். பேத்திக்கு 15 வயது. அவள்தான் கூடப் போவாள். முதல் கிழமை பத்து நிமிடத்தோடு திரும்பினார்கள். மூன்றாம் மாதம் துருசைத் தொட்டு வர நாற்பது நிமிடம் ஆனது. வழியில் பிள்ளையார் கோவில் மேடை. அங்கே இருந்து எழும்புவார், கும்பிடுவார், மறுபடி இருப்பார். எழும்பி இருக்கும் பயிற்சி அங்கே முடிந்துவிடும், அவரிடம் அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வீடு வந்ததும் அரை வாளித் தண்ணீராக முருங்கைக்கும் கத்தரிக்கும் ஊற்றுவார். கிழமையில் இரண்டு நாள் முற்றத்தில் மண்வெட்டி வேலை. மொட்டையான மண்வெட்டி, காலுக்குச் சப்பாத்து, பக்கத்தில் ஒரு பெரியவர்.

வேகத்துக்கு நான் சொன்ன அளவு ஒன்றுதான்: மூச்சு வாங்கவேண்டும், ஆனால் கதைக்க முடியவேண்டும். டொனபெசில் இதயத் துடிப்பை மெதுவாக்கக்கூடிய மருந்து. ஆகையால் தொடங்க முன்னர் மருத்துவரிடம் ஈ.சி.ஜி. பார்த்தோம். நாடி பிடித்துப் பார்க்கப் பேத்திக்குப் பழக்கினேன். ஐம்பதுக்குக் கீழே இருந்தாலோ தலைச்சுற்று என்றாலோ அன்று நடை இல்லை. பாதையை நாங்களே முதலில் நடந்து பார்த்தோம். வன்னியில் ஒருவரை "விரும்பின பக்கம் நடவுங்கோ" என்று சொல்ல முடியாது. கண்ணிவெடி அகற்றி முடியாத நிலம் இன்னும் இருக்கிறது. நோய் வந்தவரின் கால் பழைய பாதையைத் தேடிப் போகும், சிவப்புப் பலகையை அது வாசிக்காது.

வாய்க்கால் கரையில் ஐயா வேறு ஆள். "இந்தப் பக்கம் மண் கரையுது, மூட்டை அடுக்கோணும்" என்பார். எதிரே வரும் கமக்காரர் "என்ன விதானையார், தண்ணி காணுமோ?" என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் அவரைக் கள்ளன் என்றவர்களில் ஒருவரும் அதில் இருந்தார். மகள் அவருக்கு நோயைப் பற்றிச் சொல்லியிருந்தார்.

துருசடியில் அவர் அடிக்கடி கேட்பது மகனை. "தம்பி இன்னும் வரேல்லையோ?" முன்பெல்லாம் மகள், "அண்ணா காணாமப் போனவர் அப்பா" என்று திருத்துவார். ஒவ்வொரு முறையும் ஐயா அதை முதல் முறையாகக் கேட்பார். ஒவ்வொரு முறையும் அழுவார். பொய் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. "மாமாவைப் பற்றிச் சொல்லுங்கோ அம்மப்பா" என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். மகன் முதன்முதல் சைக்கிள் ஓடி வாய்க்காலுக்குள் விழுந்த கதை வந்தது. பேத்தி அதற்குமுன் கேட்டிராத கதை.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன

"நடந்தால் மூளை வளரும், மறதி மாறும்" என்று கைத்தொலைபேசியில் சுற்றுகிற வீடியோக்களை மகளும் பார்த்திருந்தார். அந்தப் பேச்சு வெறுங்காற்றில் பிறந்ததல்ல. 2011 இல் அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைக் கிழமைக்கு மூன்று நாள் 40 நிமிடம் வரை நடக்கவிட்டார்கள். ஒரு வருடத்தில் அவர்களின் ஹிப்போகம்பஸ் கிட்டத்தட்ட 2 வீதம் பெருத்திருந்தது. உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்த மற்றப் பிரிவில் அது சுருங்கியிருந்தது. நரம்புக் கலங்களைப் பேணுகிற பி.டி.என்.எஃப். என்ற புரதம் இதில் பங்கெடுப்பதாக அந்த ஆய்வு சொன்னது. ஆனால் அந்த 120 பேரில் எவருக்கும் மறதி நோய் இல்லை. வீடியோக்கள் விட்டுவிடுவது இந்த ஒரு வரியைத்தான்.

நோய் வந்தவர்களிடம் செய்த ஆய்வுகளின் கதை வேறு. 2018 இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் மறதி நோயுள்ள 494 பேர். நான்கு மாதம் கடுமையான பயிற்சி பெற்றவர்களின் உடல் வலிமை கூடியது. ஞாபகச் சரிவு மெதுவாகவில்லை. ஒரு வருட முடிவில் பயிற்சிப் பிரிவின் புள்ளி சற்று மோசமாகக்கூட இருந்தது. டென்மார்க்கில் ஆரம்பக் கட்ட அல்சைமர் உள்ள 200 பேருக்கு 16 கிழமை பயிற்சி கொடுத்து 2016 இல் முடிவு சொன்னார்கள். மொத்தமாகப் பார்த்தால் சிந்தனைத் திறனில் வித்தியாசம் இல்லை. பதகளிப்பு, எரிச்சல், மனச்சோர்வு போன்றவை பயிற்சி செய்தவர்களிடம் குறைவு.

எனக்கு நெருக்கமானது 2013 இல் வந்த பின்லாந்து ஆய்வு. வீட்டில் துணையோடு வாழும் 210 அல்சைமர் நோயாளிகள். ஒரு பிரிவுக்கு இயன்மருத்துவர் வீட்டுக்கே போய்க் கிழமைக்கு இரண்டு தடவை, ஒரு வருடம் பயிற்சி கொடுத்தார். அவர்களின் அன்றாட இயக்கம் மெதுவாகத்தான் தேய்ந்தது. பயிற்சி பெற்றவர்கள் விழுந்ததும் குறைவு. பிரான்சில் பராமரிப்பு இல்லங்களில் 134 பேரிடம் செய்த 2007 ஆய்விலும் குளித்தல், உடுத்தல், எழும்புதல் போன்றவற்றின் சரிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மெதுவானது.

நோய் வருமுன் என்றால் நடைக்கு இன்னும் பெரிய இடம் உண்டு. லான்செற் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழுவின் 2024 அறிக்கை மறதி நோய்களில் ஏறத்தாழ 45 வீதத்தை 14 ஆபத்துக் காரணிகளோடு தொடர்புபடுத்துகிறது. உடலுழைப்பின்மை அதில் ஒன்று. பிரஷரும் சீனியும் அதே பட்டியலில் உள்ளன. இதை மகளுக்குத்தான் சொன்னேன். அவருக்கு 44 வயது, பிரஷர் ஏறியிருந்தது.

அப்பாவின் ஞாபகம் திரும்புமா என்று அவர் கேட்டபோது, திரும்பாது என்றேன். விழாமல் இருக்கலாம், தானாக மலசலகூடம் போய்வரலாம், நித்திரை வரலாம், அவ்வளவுக்குத்தான் என்னால் வாக்குக் கொடுக்க முடியும், அதுவும் உறுதியாக இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நித்திரை வந்தாக் காணும் மிஸ்" என்றார்.

விடியப்புறம் மூன்று மணி

ஆறாம் மாதம் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. இரவுப் புள்ளடிகள் 14 நாளில் மூன்றுக்கு வந்திருந்தன. ஏழாம் மாதம், 2023 புரட்டாதியில், விடியப்புறம் மூன்று மணிக்கு மகள் எழும்பிப் பார்த்தபோது பாய் வெறுமையாக இருந்தது. படலைக் கம்பியை ஐயா அவிழ்த்திருந்தார்.

சனம் ரோச் லைற்றோடு இறங்கியது. துருசுக் கட்டில் இருந்தார். சிறுபோகம் முடிந்து வாய்க்கால் காய்ந்து கிடந்த நேரம். "வாய்க்கால் காய்ஞ்சு கிடக்கு, ஒருத்தரும் பாக்கேல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். உடம்பில் ஒரு கீறலும் இல்லை.

அந்த இரவுக்கு நான் பொறுப்பு. எழும்பவே முடியாதிருந்த மனிதருக்கு அரைமணி நேரம் நடக்கக் கால் கொடுத்தேன். ஒரே பாதையைத் தினமும் நடத்திப் பழக்கினேன். கால் திரும்ப வந்தால் வெளியே போகும் தூரமும் கூடும் என்பதை முன்னரே யோசித்துப் படலையையும் அயலையும் ஆயத்தம் செய்திருக்க வேண்டும். அதே பாதைதான் அவரைக் கண்டுபிடிக்கவும் உதவியது என்று மகள் ஆறுதல் சொன்னார். உண்மைதான். ஆனாலும் அந்த வழியில் பாம்பு உண்டு, கிணறு உண்டு.

மறுநாளே படலையில் மாட்டு மணி கட்டினோம். சட்டைப் பையில் தொலைபேசி இலக்கம் தைத்தோம். வழியிலுள்ள ஐந்து வீடுகளுக்கும் சொல்லிவைத்தோம். பின்னேரம் ஐந்து மணிக்கும் பதினைந்து நிமிட நடை சேர்த்தோம். பொழுது படுகிற நேரத்துப் பதற்றம் அதன்பின் தணிந்தது. மறதி நோயுள்ளவருக்கு நடைப் பயிற்சி எழுதிக்கொடுக்கும் எவரும் இந்த ஏற்பாடுகளை முதல் நாளே செய்யவேண்டும்.

மாரியும் அதன் பிறகும்

கார்த்திகை, மார்கழியில் மழை. கரை சேறாகி ஐந்து கிழமை நடை பெரும்பாலும் நின்றுபோனது. விறாந்தையில் நடக்கவைத்தோம், கடகத்தில் நெல் அள்ளிக் கொட்டக் கொடுத்தோம், பாதி ஈடுதான் ஆயிற்று. இரவுப் புள்ளடி 14 நாளில் ஒன்பதாக ஏறியது. ஒருமுறை விழுந்தார். தையில் நிலம் காய்ந்து மறுபடி நடக்கத் தொடங்கியதும் ஐந்தாக இறங்கியது. நடை நித்திரையோடு தொடர்புடையது என்று நான் நம்புவதற்கு இந்த ஏற்ற இறக்கம்தான் பெரிய காரணம். மழைக்காலத்து இருட்டும் அடைபட்ட வீடும் காரணமாக இருக்கலாம் என்பதையும் மறுக்கமாட்டேன்.

ஓராண்டு முடிவில், 2024 மாசியில், மூன்று மீற்றர் போய்வர 16 செக்கன். கையூன்றாமல் எழும்புகிறார். ஆண்டு முழுவதிலும் விழுந்தது இரண்டு தடவை. கிணற்றடிக்குத் தானே போய்க் குளிக்கிறார், ஊற்றச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். எம்.எம்.எஸ்.இ. 17 இலிருந்து 14 க்கு இறங்கிவிட்டது. அல்சைமரில் ஒரு வருடத்தில் வழமையாகக் காணும் சரிவுதான் அது. நடை அதைத் தடுத்ததாக நான் சொல்லமாட்டேன். நடையும் நித்திரையும் மேம்பட்டதற்கும் பயிற்சி மட்டும் காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இடையில் டொனபெசில் கூட்டப்பட்டது, பி12 சரியானது, எட்டு மாதம் தனியே இருந்தவரைச் சுற்றி ஆட்கள் வந்தார்கள். ஒருவரைப் பார்த்து எழுதிய குறிப்பு இது.

மகளின் பிரஷர் மருந்தோடு கட்டுப்பட்டிருக்கிறது. கிழமையில் இரண்டு நாள் அவரும் கரைக்கு நடக்கிறார்.

கடைசியாகப் போனபோது இரண்டு விடயம் பேசவேண்டியிருந்தது. பேத்திக்குச் சாதாரண தரப் பரீட்சை வருகிறது, விடிய வகுப்பு. அவளுக்குப் பதிலாகக் காலையில் கூட நடக்க ஆள் வேண்டும். பக்கத்து வயல்காரர், முன்பு சண்டை பிடித்தவர், திங்கள், புதன், வெள்ளி தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றது, ஐயா இப்போது துருசுக்கு முன்னரே களைத்து நின்றுவிடுகிறார். சில நாள் எதற்காக வந்தோம் என்று கரையிலேயே கேட்கிறார். தூரத்தைக் குறைத்தோம். அடுத்த மதிப்பீடு சிறுபோக விதைப்பு முடிந்து. அதுவரை முதல் மதகு வரை போய் வருவார்.